தசமிக்கு ஒத்திவைத்த பாடத்தேர்வு

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் வெறும் பக்கத்தில், அடுத்த ஆண்டுக்கான என் வாரத்தைக் கட்டம் கட்டி வரைந்துகொண்டிருந்தேன். முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இன்டர்மீடியட் வகுப்பின் இரண்டாம் ஆண்டு முடிகிற தறுவாய். கடற்கரைச் சாலையில் இருந்த பெண்கள் கல்லூரியில் படித்தேன். அங்கேயே பி.ஏ. தொடர விரும்பும் மாணவிகள் கோடை விடுமுறைக்கு முன், பங்குனி மாதத்திலேயே, தாங்கள் எடுக்கப்போகும் பாடங்களை முதல்வரிடம் நேரில் சென்று பதிந்துகொள்ள வேண்டும் என்பது விதி. அதற்கென மூன்று நாட்கள் ஒதுக்கியிருந்தார்கள்: செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமை நண்பகலோடு கதவு சாத்தப்படும்.

நான் விரும்பியது தாவர சாஸ்திரம்; எங்கள் கல்லூரியில் அன்று அதுவும் பி.ஏ.வில்தான். அது கிடைக்காவிட்டால் சரித்திரம் நிச்சயம் கிடைக்கும். சரித்திரத்துக்கு இடம் இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் சரித்திரம் எனக்குக் கல்லூரியின் முடிவு என்றே பொருள். அப்பா அதைக் கோபமில்லாமல், மோர் சாதத்துக்கு முன், இலையைப் பார்த்தபடி சொல்லியிருந்தார்.

“சயன்ஸ் கிடைச்சா படி. நாளைக்கு டாக்டருக்குப் படிக்கலாம், பெரிய பள்ளிக்கூடத்துல வாத்தியாராப் போகலாம், நான் வேண்டாங்கல்லே. சரித்திரம்னா எதுக்கு வண்டி கட்டி அனுப்பணும்? புஸ்தகம் வாங்கித் தரேன். ஆத்துலயே உக்காந்து படி.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து, பொருந்தியும் விட்டிருந்தது. அவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அப்பா ஒரு அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எந்தக் காகிதத்தையும் அதிக நாள் மேசையில் வைத்திருக்காதவர்.

தாவர சாஸ்திர வகுப்பில் எத்தனை பூதக்கண்ணாடிக் கருவிகள் உண்டோ அத்தனை மாணவிகளுக்கே இடம். கருவிகள் குறைவு என்பதால் செய்முறை வகுப்பை இரு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவுக்குத் திங்களும் வியாழனும். மற்றதற்குச் செவ்வாயும் புதனும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து வரை. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் விரும்பிய பிரிவு அவர்களுக்கு. நான் வரைந்த கட்டங்களில் திங்கட்கிழமையையும் வியாழக்கிழமையையும் மையால் அழுத்தி நிரப்பியிருந்தேன். செவ்வாயையும் புதனையும் பார்க்கவே அஞ்சினேன்.

காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று அதை எழுதியிருக்க முடியாது. எங்கள் தெருவின் மற்ற வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும், மாதவிலக்கான பெண் மூன்று நாள் தூரம். கொல்லையை ஒட்டிய சிறிய அறையில் தனித்திருப்பாள். யாரையும் எதையும் தொட மாட்டாள். வாசற்படி தாண்ட மாட்டாள். நான்காம் நாள் விடியலில் தலைக்குக் குளித்த பிறகே வீட்டுக்குள் வருவாள். ஆகவே மாதந்தோறும் மூன்று நாள் எனக்குக் கல்லூரி இல்லை. விரிவுரைகள் என்றால் பிறருடைய குறிப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். செய்முறையை அப்படி ஈடுகட்ட இயலாது. அறுத்த தண்டும் சாயமேற்றிய இலையும் அன்றைக்குக் கண்டால்தான் கண்டது. தாவர சாஸ்திர ஆசிரியை ஒரு மாதத்தில் ஒரு செய்முறை தவறினால் ஏன் என்று கேட்க மாட்டார். இரண்டு தவறினால் பெயரை அடித்துவிடுவார். முந்தைய ஆண்டு அவ்வாறு ஒரு பெண்ணின் பெயர் அடிக்கப்பட்டது. அவள் காரணம் சொல்லவில்லை என்று மற்றவர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பாக இல்லை.

மூன்று நாட்கள் எந்தக் கிழமையில் தொடங்கினாலும் திங்களும் வியாழனும் ஒருசேர அதற்குள் விழாது. இதை நான் விரல் விட்டு மீண்டும் மீண்டும் சரிபார்த்திருந்தேன். செவ்வாயும் புதனும் விழும். சில மாதம் இரண்டும் தப்பும். சில மாதம் இரண்டும் போகும். அப்படி ஒரே ஒரு மாதம் வந்தால் போதும்.

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வரும். பஞ்சாங்கம் பார்க்க அப்பாவைவிட விரைவாக வரும்.

“திங்களும் வியாழனும் மட்டும் ஏன் இப்படி மை ஊத்தி வச்சிருக்கே?”

“அந்த நாள்ல செய்முறை இருந்தா... அந்த மூணு நாளுக்கு ரெண்டும் சேர்ந்து போகாதும்மா.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எதுவோ பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள். ஆனால் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

வண்டி இன்னொரு சங்கடம். அடுத்த தெருவில் இருந்த இரு சகோதரிகளும் நானும் ஒரே ஜட்கா வண்டியில் கல்லூரிக்குப் போய்வந்தோம். அவர்கள் மாலை மூன்றரைக்கே திரும்புவார்கள், நான் ஐந்துக்கு. வண்டிக்காரரிடம் இரண்டாம் நடைக்குப் பேசும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

“ரெண்டு தபா வர்றதுக்கு நான் ரெடி பாப்பா,” என்றார் அவர். “குதிர ஒத்துக்கணும். இத்த நீயே கேட்டுக்கோ. பி.ஏ. படிக்கப்போற பொண்ணு, உனக்குத் தெரியாத பாஷையா?”

சகோதரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஒப்புக்கொண்டார் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆக, எல்லாம் செவ்வாய்க்கிழமைக் காலைக்காகக் கூடிவந்திருந்தன. விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை மாலை அதை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தைப் படிப்பதற்கு முன் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

“நாளைக்கு அஷ்டமி. போதாக்குறைக்குச் செவ்வாய்க்கிழமை. மறுநாள் நவமி. வியாழக்கிழமை தசமி. குருவாரம், தசமி. படிப்பு ஆரம்பிக்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?”

“வியாழக்கிழமை கடைசி நாள்ப்பா. மத்தியானத்தோட முடிஞ்சுடும். முதல்ல போறவாளுக்குத்தான்...”

“கடைசி நாளும் அவா குடுத்த நாள்தானே? அஷ்டமி நவமியில தொட்ட காரியம் துலங்காது. அன்னிக்குக் கார்த்தாலயே கையெழுத்துப் போட்டுத் தரேன். ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சுண்டு வந்துடு.”

அவர் என்மேல் அன்பில்லாமல் அதைச் சொல்லவில்லை. தன் மகளின் படிப்பு நல்ல வேளையில் தொடங்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அக்கறையற்ற தகப்பனாக இருந்திருந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டுத் தூக்கி எறிந்திருப்பார். நான் தலையாட்டினேன். என் நாட்களை நான் எண்ணியிருந்தேன். வரும் ஞாயிறுக்கு முன் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் வழக்கம்போல் கல்லூரிக்குப் போனேன். முதல்வரின் அறைக்கு வெளியே நீண்ட வராந்தாவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி வெளியே வரும்போதும் அவள் முகத்தைப் பார்த்து, எந்தப் பாடம், எந்தப் பிரிவு என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை, சாந்தோமிலிருந்து வரும் என் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கத்தோலிக்கப் பெண். அவளுடைய தகப்பனார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வகுப்பில் சுத்தமான ஆங்கிலம் பேசுவாள். வராந்தாவுக்கு வந்துவிட்டால் தன் தெருவின் தமிழுக்குத் திரும்பிவிடுவாள்.

“இன்னா, பாத்துக்கினே கீற? போய் நில்லு.”

“அப்பா இன்னும் கையெழுத்துப் போடலை. நாள் சரியில்லை.”

“நாளு சரியில்லன்னா அங்க நிக்கிறவ அத்தினி பேரும் ஃபெயிலா? நான் நேத்தே குடுத்துட்டேன். சரித்திரம். செத்தவன் கததானே, தப்பா சொன்னா எழுந்து வந்து கேக்கவா போறான்?”

அவள் சிரித்த சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ள முடியாமல் இருந்ததைக் கவனித்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “நாளைக்கு வந்துடுவ இல்ல?” என்று மெல்லக் கேட்டாள். வந்துவிடுவேன் என்றேன்.

வியாழக்கிழமை விடியலில், கிணற்றடிக்குப் போகும் வழியில், என் கணக்கு பொய்த்துவிட்டதை அறிந்தேன்.

அந்தக் கணத்தை விவரிக்க நான் பலமுறை முயன்று கைவிட்டிருக்கிறேன். உடம்பு சில்லிட்டது என்பார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்பா உள்ளே சுலோகம் சொல்லிக்கொண்டிருந்த குரல் திடீரென்று எங்கோ தொலைவில் கேட்டது. கொல்லை வாசலின் வெளிப்பக்கத்தில் நின்று, “அம்மா” என்று கூப்பிட்டேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தாள். படியைத் தாண்டாமல் நின்றதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

“அப்பா கையெழுத்துப் போட்டாச்சு,” என்றாள். அது பதிலும் இல்லை, கேள்வியும் இல்லை. சிறிது பொறுத்து, “ஸ்வாமி முன்னாடி வச்சிருக்கார்,” என்றாள்.

அப்பா சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதை அந்தச் சிறிய அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “எங்கே அவ, ரெடியாயிட்டாளா?” என்று அவர் கேட்டார். “குளிச்சுண்டிருக்கா,” என்று அம்மா சொன்னாள். “நன்னா வேண்டிண்டு கிளம்பச் சொல்லு. தசமி,” என்று அவர் சொல்லிக்கொண்டே படி இறங்கினார். டிராம் வண்டியைப் பிடிக்கும் அவசரம் அவர் நடையில் கேட்டது.

வண்டி வருவதற்கு இன்னும் சிறிது நேரம்தான் இருந்தது. அறையின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. அழுதால் ஏன் அழுகிறாய் என்று யாராவது கேட்க வேண்டும். வண்டியில் ஏற முடியாது. சகோதரிகள் என் தோளோடு தோள் உரசி உட்காருவார்கள். பின்னால் தெரியவந்தால் அவர்களுடைய அம்மா தன் பெண்களை அந்த வண்டியில் அனுப்ப மாட்டாள். எங்கள் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டாள். ஏறாவிட்டால் நண்பகலுக்குள் கதவு சாத்தப்படும். கும்பகோணத்துக்குக் கடிதம் போகும்.

அம்மா அறை வாசலுக்கு எதிரே வந்து நின்றாள். ஈரப் புடவையை மாற்றியிருந்தாள். நெற்றியில் புதிதாகக் குங்குமம்.

“எவ்வளவு தூரம்டி அந்தக் காலேஜ்?”

“நடந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். நான் நடந்ததில்லே.”

“நானும் நடந்ததில்லே,” என்றாள். “பத்தடி தள்ளி வா. எதையும் யாரையும் தொடாதே. எதிர்க்க வரவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

அவள் பூசை அறைக்குப் போய் விண்ணப்பத்தை எடுத்துவந்தாள். நான்கு மூலையிலும் அப்பா மஞ்சள் தடவியிருந்தார். அதை என் கையில் தர முடியாது என்பதால் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றாள். மஞ்சள் தடவிய அந்தக் காகிதத்தை, அந்த நிலையில், நான் எடுத்தேன். பகுத்தறிவு பேசும் புத்தகங்கள் சிலவற்றை அதற்குள் படித்திருந்தேன். அந்த நேரத்தில் அவற்றில் ஒரு வரிகூடத் துணைக்கு வரவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா மட்டும் முன்னே போனாள். நான் பக்கச் சந்தில் நின்று கேட்டேன்.

“நீ போப்பா. இன்னிக்கு அவளும் நானும் நடந்து வரோம். வேண்டுதல்.”

“அம்மாடி, காலேஜுக்கா? இம்மாந்தூரமா?”

“படிப்புக்கு இடம் கிடைக்கணும்னு வேண்டிண்டிருக்கேன். கோவில் கோபுரத்தைப் பாத்துட்டு நடந்தே போகணும். மடியாப் போகணும், யார் மேலயும் படாம.”

“நேத்திக்கடன்னா தடுக்கக் கூடாது. நடந்துகினு போங்கம்மா, வெயிலுக்கு முன்ன போய்ச் சேந்துடுங்க.”

வண்டிக்குள்ளிருந்து மூத்த சகோதரி, “மாமி, நாங்களும் நடக்கட்டுமா?” என்று கேட்டாள். “நீங்க வேண்டிக்கலையேடி,” என்றாள் அம்மா. வண்டி நகர்ந்தது.

அம்மா பொய் சொல்லி அன்றைக்கு முன் நான் கேட்டதில்லை. அதுவும் கடவுளின் பேரைச் சொல்லி.

கச்சேரி சாலை வழியே கிழக்கு நோக்கி நடந்தோம். நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். என்னை அவள் பார்வையில் வைத்திருக்க விரும்பினாள். மாட வீதிகளுக்கு அப்பால் கால்நடையாகப் போயறியாத பெண் அவள். எதிரில் யாராவது வந்தால் பின்னாலிருந்து அவள் குரல் கேட்கும்: “கொஞ்சம் ஒத்திப் போங்கோ, மடி.” ஆண்கள்கூட விலகி வழிவிட்டார்கள். தீண்டக் கூடாத என்னைக் காப்பாற்ற, எவரும் தீண்டக் கூடாத தூய்மையை அவள் எங்கள் இருவரின்மேலும் போர்த்திக்கொண்டு வந்தாள். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: விலகி நிற்பது. அதைப் பார்த்து வேறுபாடு சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அவளால் முடியும். அவளுக்குத் தெரிந்த ஒவ்வொரு விதியையும் அவள் அந்தச் சாலையில் மிதித்துக்கொண்டு வந்தாள். அப்படி மிதிப்பதற்கு அந்த விதிகளையே பிடித்துக்கொண்டும் வந்தாள்.

சாந்தோம் தாண்டி, நொச்சிக்குப்பம் அருகே சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். கூடைகளுக்கு இடையே ஒற்றையடி அகலம்தான் வழி. ஒருத்தி அம்மாவைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“இன்னா மாமி, வழி தப்பி வந்துட்டியா? இந்தாண்ட மீனுதான் கீது.”

“கொஞ்சம் கூடையை நகத்திக்கோம்மா. மடி.”

“உன் மடி போற வழின்னு மீனுக்குத் தெரியாம பூட்ச்சு. தெரிஞ்சிருந்தா கடல்லயே இருந்திருக்கும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் கூடையைக் காலால் தள்ளி வழிவிட்டாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். கூடை நகர்ந்தபோது தெறித்த நீர் அவள் பாதத்தில் பட்டது. அவள் நின்றாள். குனிந்து பாதத்தைப் பார்த்தாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, “நட,” என்றாள்.

கல்லூரி வாயிலில் அவள் உள்ளே வர மறுத்தாள். வளாகச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கீழ் நின்றுகொண்டாள். உட்காரவில்லை. “சீக்கிரம் வா,” என்றாள்.

வராந்தாவில் ஐந்தாறு பெண்கள்தான் இருந்தார்கள். வரிசையின் கடைசியில், முன்னால் இருப்பவளிடமிருந்து ஒரு முழம் விலகி நின்றேன். என் பின்னால் வந்து சேர்ந்தவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நகர்ந்தேன். அவளும் நகர்ந்தாள். அந்த வேளை பார்த்து என் தோழி ஓடிவந்து, “வந்துட்டியா,” என்று என் தோளைச் சுற்றிக் கைபோட்டாள். அவள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரு பொருளும் இல்லை என்று அறிவேன். ஆயினும் அவள் கை இருந்த இடம் தீப்பட்டதுபோல் இருந்தது. அவளுக்கு ஏதோ தீங்கு செய்துவிட்டவளாக நின்றேன்.

“இன்னா, ஜுரமா? இப்டி நடுங்கற.”

“நடந்து வந்தேன். அதனாலதான்.”

“நடந்தா? உங்க வூட்டு வண்டிக்கு இன்னா ஆச்சு?” அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் முறை வந்தது.

முதல்வர் ஆங்கிலேய அம்மையார். மேசையின் மறுபக்கம் தாவர சாஸ்திர ஆசிரியை உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே இருந்தேன். முதல்வர் வியப்போடு பார்த்துவிட்டு விண்ணப்பத்தை வாங்கினார். மூலைகளில் இருந்த மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாப் பாடத்துக்குமான மதிப்பெண்களையும் படித்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் தகப்பனார் இன்று வரை காத்திருக்கச் சொன்னார் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் பல ஆண்டுகள் இருந்தவர். மஞ்சளே பதில் சொல்லியிருக்கலாம்.

“தாவர சாஸ்திரத்தில் ஒரே ஓர் இடம் இருக்கிறது,” என்றார் ஆசிரியை. “செவ்வாய், புதன் பிரிவில்.”

“திங்கள், வியாழன்...” என்றேன்.

“அது முதல் நாளே நிறைந்துவிட்டது. உனக்கு ஏன் அந்தப் பிரிவு வேண்டும்? இசை வகுப்பா?”

இரண்டு பெண்கள்தான் அவர்கள். இருவருக்கும் நான் சொல்ல வேண்டியது புரியாதது அல்ல. ஆனால் வீட்டில் அம்மாவிடமே பெயர் சொல்லாமல் சொன்னதை, மேசைக்கு அப்பால் பேனாவோடு காத்திருப்பவர்களிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அதற்கான ஆங்கிலச் சொல்கூட எனக்குத் தெரியாது. ஆசிரியை தொடர்ந்தார்: “எந்தப் பிரிவானாலும் வருகை ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு முறை தவறினால் நான் பெயரை வைத்திருக்க மாட்டேன். யோசித்துச் சொல். சரித்திரத்தில் தாராளமாக இடம் இருக்கிறது.”

சன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தது. இளைய சகோதரி, எங்களோடு வண்டியில் வருபவள், அம்மாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் ஒரு தம்ளர் தண்ணீர். அம்மா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கிட்ட வராதே என்று தடுப்பது தெரிந்தது. அந்தப் பெண் பணிவோடு தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, எட்டி நின்று கும்பிட்டாள். வேண்டுதலில் இருக்கும் பெண்ணைக் கும்பிடுவதுபோல. அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீரைத் தொடவில்லை.

“எடுத்துக்கொள்கிறேன்,” என்றேன். “செவ்வாய், புதன்.”

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்கள். முதல்வரின் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டேன்.

வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. தோழி எங்கோ போயிருந்தாள். அவளிடம் எதையும் விளக்க வேண்டியிராதது நிம்மதியாக இருந்தது. மரத்துக்குப் பத்தடி முன்பே நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். அவள் தோள்கள் ஒருமுறை தளர்ந்தன. பிறகு, “எந்த நாள்?” என்று கேட்டாள்.

“செவ்வாய், புதன்.”

நாட்காட்டித் தாளில் நான் மை ஊற்றாமல் விட்ட கட்டங்கள் அவள் மனதில் வந்திருக்க வேண்டும். கடல் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டும் சேர்ந்தாப்பல வருமா?”

“சில மாசம் வரும்.”

“தவறினா?”

“பேரை அடிச்சுடுவா.”

காகம் ஒன்று வந்து தம்ளரில் மூக்கை வைத்தது. அவள் அதை விரட்டவில்லை.

“நீ உள்ளே இருக்கச்சே நிஜமாவே வேண்டிண்டுட்டேன்,” என்றாள் அம்மா. “பொய்யா சொன்னது நெஞ்சை அடைச்சுது. மாசத்துக்கு ஒரு தடவை உன்னோட இப்படி நடந்து வரேன்னு வேண்டிண்டேன். கிடைச்சா.”

“அம்மா.”

“ஒண்ணுன்னு சொல்லிட்டேன். இப்போ சில மாசம் ரெண்டுங்கறே. ஒண்ணை விட்டுட்டு, ஜுரம் கிரம்னு இன்னொண்ணும் போயிட்டா? ஸ்வாமிகிட்ட பேரம் பேசறாப்பலன்னா இருக்கு.” அவள் தென்மேற்கே திரும்பினாள். அங்கிருந்து கோபுரம் தெரியாது. மரங்களும் வீடுகளும்தான் தெரியும். கைகளைக் குவித்தாள். உதடுகள் அசைந்தன. முடித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பாகிட்ட என்ன சொல்றது?”

“வேண்டுதல்னு சொல்றேன். அவர் வேண்டுதலுக்குக் குறுக்க நிக்க மாட்டார்.”

“தெரிஞ்சுண்டுட்டா?”

அவள் சாலையை நீளப் பார்த்தாள். கானல் பறந்தது, செருப்பில்லாத அவள் பாதங்களுக்கு இனி அந்தத் தார் ஆகாது. மணலில் இறங்கினோம். ஈர மணல் குளிர்ச்சியாக இருந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில் அல்லாமல் கடலைத் தொடக் கூடாது என்பதால், அலை எட்டாத காய்ந்த மணலிலேயே வந்தாள். அன்றைக்கு அவள் மீறாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

“நட,” என்றாள். “சீக்கிரம் நட. ராகு காலத்துக்கு முன்னாடி நீ அந்தக் கொல்லை அறைக்குள்ள போயிடணும்.”

நான் பத்தடி முன்னால் நடந்தேன். மணலில் அவள் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வருகிறாளா, இல்லை எங்காவது நின்றுவிட்டாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.